கஸ்தூரியின் வயலில் நின்று எழுதிய பதிவு

இந்தத் தளத்தில் நான் எழுத வந்து ஒரு வருஷம் ஆகிறது. புதிதாக எழுத வருகிற பிள்ளைகள், "ஐயா, ஆரம்பத்தில் உங்களுக்கு எப்படி வாசகர்கள் சேர்ந்தார்கள்?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்பைக்கூட முழுசாகப் பார்க்காதவன் நான். ஆழ்துளைக் கிணற்று மோட்டார், அதாவது போர் மோட்டார் மெக்கானிக். உத்திரமேரூரைச் சுற்றி என் கை படாத போர் ஒன்று இருந்தால் அது நேற்றுப் போட்ட போராக இருக்கும். மோட்டாருக்குள் கம்பிச் சுருளை, அதாவது காயில் கட்டுவது, மோட்டார் இறக்குவது, தூக்குவது எல்லாம் நானாகப் பார்த்துக் கற்றது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. எழுத்தும் அப்படி நானே கற்றதுதான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

முதல் பதிவு

பஸ் ஸ்டாண்டு பக்கம் உரக்கடை வைத்திருக்கும் ஏகாம்பரம் என் சிநேகிதன். அவன்தான் இதற்குக் காரணம்.

"யோவ், நீ டீக்கடைல பேசறதெல்லாம் காத்துல போவுது. போன்ல எழுதி வுடு. நாலு பேரு படிக்கட்டும். எங்க காதாவது தப்பிச்சிக்கும்."

அவனே என் பேரில் கணக்குத் திறந்து கொடுத்தான். ஒரு விரலால் எழுதினேன். மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே உள்ளே புஷ் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்த கதை. எழுதிப் போட்டுவிட்டு, வாணலியில் வடை போட்டவன் மாதிரி போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படித்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஏகாம்பரத்திடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

"நீ தொறந்து தொறந்து பாத்ததெல்லாம் சேத்துத்தான்யா அது எண்ணிக்கினு கீது" என்றான்.

விடவில்லை. வோல்டேஜ் குறைந்தால் காயில் ஏன் கருகுகிறது, மோட்டாரை ஏன் போரின் அடித்தரை வரை இறக்கக் கூடாது, மழைக்காலத்தில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். மெதுவாக ஆட்கள் வந்தார்கள். பெருநகரில் பிறந்து இப்போது வெளிநாட்டில் வேலை செய்கிற ஒருவர், "உங்கள் பதிவைப் படிக்கும்போது எங்கள் கொல்லை மோட்டார் சத்தம் கேட்கிறது" என்று எழுதினார். அதை நான் டீக்கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். மறுநாள் நான் உள்ளே நுழையும்போதே ஒருவன், "எழுத்தாளர் வர்றாரு, பெஞ்சத் தொடைங்கடா" என்றான். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை. பெஞ்சு உண்மையாகவே அழுக்காகத்தான் இருந்தது.

அந்தத் தெம்பில், சங்கிலியால் பாரம் தூக்கும் என் செயின் பிளாக்கைப் பற்றி ஒரு பதிவு போட்டேன். தலைப்பு: "என் செயின் பிளாக்குக்கு வராத மோட்டாரை இன்னும் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை." அதுவரை எழுதியதில் அதிகம் பேர் படித்தது அதுதான்.

கஸ்தூரியின் போன்

அந்தப் பதிவைப் படித்துவிட்டுத்தான், உரக்கடையில் என் நம்பர் வாங்கி, கஸ்தூரி என்கிற அம்மா கூப்பிட்டார். சாலவாக்கம் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் வைத்திருப்பவர்.

"அண்ணா, மோட்டாரு உள்ள மாட்டிக்கிச்சி. ரெண்டு பேரு வந்து பாத்துட்டுக் கைய விரிச்சிட்டாங்க. நீங்கதான் எப்பேர்ப்பட்ட மோட்டாரையும் தூக்குவேன்னு எழுதிக்கீறீங்களே?"

"இன்னாமா சந்தேகம்? வர்றேன்" என்றேன்.

போய்ப் பார்த்தபோது கதிர் பால் பிடிக்கிற நேரம். இந்த நேரத்தில் தண்ணீர் காட்டாவிட்டால் மணி பதராகிவிடும். ஏரித் தண்ணீர் மேல்மடையோடு நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தில் வேறு போரும் இல்லை. கருகிப்போன மோட்டாரைத் தூக்கி வேறு மோட்டார் இறக்கினால்தான் பயிர் பிழைக்கும். ஆனால் முன்பு பெய்த மழையில் போருக்குள் களிமண் சரிந்து மோட்டாரின் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

மூன்று கால் ஸ்டாண்டு நட்டு, பைப்பில் கிளாம்பு போட்டு, செயின் பிளாக்கை மாட்டி இழுத்தேன். அரை அடி வந்தது. நின்றது. இறக்கி மறுபடி இழுத்தேன். அதே அரை அடி. இன்னும் இழுத்தால் பைப்பின் மரை பிய்த்துக்கொண்டு மோட்டார் கீழே போய்விடும். அதோடு போரையும் மூட வேண்டியதுதான்.

எனக்கு முன்னால் வந்து கைவிட்ட இரண்டு பேரில் ஒருவனான மெக்கானிக் முனுசாமி வேடிக்கை பார்க்க வந்திருந்தான். "பைப்ப அறுத்து உள்ள தள்ளிட்டு வேற போரு போடச் சொல்லு. இன்னாத்துக்கு பேஜாரு?" என்றான்.

"நெலத்துக்காரரு மெட்ராஸ்ல கீறாரு. எனக்கோசரம் போரு போடுவாரா?" என்றார் கஸ்தூரி. பிறகு என்னைப் பார்த்து, "வருமா வராதாண்ணா? அத்த மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் தீர்ந்துவிட்டது. வரப்பில் தள்ளிப்போய் நின்று ஏகாம்பரத்துக்குப் போன் போட்டேன்.

"அவ்ளோ பேரு படிக்கிறாங்க இல்ல, கேட்டுப் பாரேன்" என்றான்.

"கேட்டா என் மானம் போயிடும்யா."

"கேக்கலன்னா அந்தம்மா பயிரு போயிடும்."

போனை வைத்துவிட்டான். அங்கேயே நின்று எழுதினேன். நான் எழுதியதிலேயே சின்னப் பதிவு அதுதான். "களிமண் சரிந்து மோட்டார் மாட்டிக்கொண்டது. ஜி.ஐ. இரும்புப் பைப்பு. அரை அடிக்கு மேல் வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்துவிட்டேன். பயிர் பால் பருவத்தில் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

வந்த பதில்கள்

முதலில் வந்தது: "ஏன் தாத்தா, எந்தக் கம்பெனியும் செய்யாத மோட்டார் அதுதானா?"

அடுத்தது: "செயின் பிளாக் லீவா?"

காது சூடாகிவிட்டது. பதிவை அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். அப்போதுதான் தன் படத்துக்குப் பதிலாக மாட்டுப் படம் வைத்திருந்த ஒருவரிடமிருந்து நீளமாக ஒரு பதில் வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ரிக் வண்டியில் பல ஊருக்கும் போய் போர் போட்டவர்.

"இழுக்காதீங்க அண்ணா. செயின் பிளாக்கை லேசான இழுப்பில் பிடித்து அப்படியே பூட்டி வையுங்க. போர் வாய் வரைக்கும் தண்ணி விடுங்க. பைப்பு தலையில் அப்பப்ப சுத்தியலால் தட்டிக்கிட்டே இருங்க, ஓங்கி வேண்டாம். அதிர்வு கீழ போகும், களிமண் ஊறிக் கழண்டு கொடுக்கும். அவசரப்பட்டா பைப்பு போயிரும். உங்க போன் நம்பரைத் தனியா அனுப்புங்க, கூடவே இருக்கேன்."

செங்கல் சூளைக்குத் தண்ணீர் அடிக்கும் டேங்கர் ஒன்றைச் சொல்லி வரவழைத்தேன். டியூபைப் போரில் விடப் போனேன். கஸ்தூரி குறுக்கே வந்து நின்றார்.

"இன்னாண்ணா பண்றீங்க? பயிரு காஞ்சிக்கினு கீது. இந்தத் தண்ணிய வயலுக்கு வுட்டா ஒரு மூலையாவது நனையும். நீங்க செத்த போருக்குள்ள ஊத்தறீங்க!"

நியாயமான கேள்வி. முனுசாமி வேறு சிரித்தான். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். திருச்செங்கோட்டுக்காரர் பேசினார்.

"அம்மணி, அந்தத் தண்ணி வயலுக்கு இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானுங்க வரும். போருக்குள்ள விட்டா, அறுப்பு வரைக்கும் வர வாய்ப்பு இருக்குதுங்க. கட்டாயம் வரும்னு சத்தியம் பண்ண முடியாதுங்க. முடிவு உங்களோடது."

கஸ்தூரி வயலைப் பார்த்தார். பிறகு டியூபை என் கையிலிருந்து வாங்கி அவரே போருக்குள் விட்டார்.

பாதி டேங்கர் உள்ளே போயிற்று. நான் பைப்பில் தட்டிக்கொண்டே இருந்தேன். கை ஓய்ந்தபோது முனுசாமி சுத்தியலை வாங்கிக்கொண்டான். செயின் விறைப்பாகவே நின்றது. டீ வந்தது, குடித்தோம். மறுபடி தட்டினோம். வெயில் தாழ்கிற நேரம், விறைப்பாக நின்ற செயின் திடீரென்று இளகி ஆடியது. பைப்பு அறுந்துவிட்டதென்றுதான் நினைத்தேன். செயினை இழுத்துப் பார்த்தால் பாரம் அப்படியே இருந்தது; கிளாம்பு அரை அடியைத் தாண்டி ஒரு முழம் மேலே வந்தது.

"ஏறுதுயா!" என்று முனுசாமி கத்தினான்.

அன்றைக்கே மோட்டார் வெளியே வந்துவிட்டது, தலையெல்லாம் களிமண் அப்பிக்கொண்டு. மறுநாள் காலையில் போருக்குள் நீளக் குழல்வாளி விட்டுச் சேற்றை வாரி வெளியே போட்டுவிட்டு, என்னிடம் இருந்த மாற்று மோட்டாரை இறக்கி ஸ்விட்சைப் போட்டேன். முதலில் செம்மண் நிறத்தில் வந்தது. பிறகு தெளிந்தது. கஸ்தூரி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்வெட்டியோடு வாய்க்கால் மடையைத் திருப்ப ஓடினார். அதுதான் எனக்குக் கிடைத்த பாராட்டிலேயே பெரியது.

திருச்செங்கோட்டுக்காரர் சொன்னது

வீட்டுக்குப் போகும் வழியிலேயே அவருக்குப் போன் செய்து நன்றி சொன்னேன். தண்ணீர் வந்ததைக் கேட்டு அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். பேச்சுவாக்கில், என் முதல் பதிவிலிருந்தே எல்லாவற்றையும் படித்துவருவதாகச் சொன்னார்.

"இவ்ளோ தெரிஞ்ச ஆளு, இத்தினி நாளா ஒரு வார்த்த பேசலியே நீங்க?" என்றேன்.

"நீங்க சொல்லிக்கிட்டே இருந்தீங்க. ஒருக்காக்கூட எதையும் கேக்கலீங்களே அண்ணா" என்றார்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். அவர் குத்திக் காட்டவில்லை. இருந்ததைச் சொன்னார்.

அன்று இதைப் பற்றி இரண்டாவது பதிவு எழுதினேன். யார் சொன்ன யோசனை, யார் தட்டினார்கள், யார் தண்ணீர் விட்டார்கள், எல்லாம் எழுதினேன். முனுசாமி பெயரையும் போட்டேன். அவன் டீக்கடையில் அதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தானாம். "செயின் பிளாக் லீவா" என்று கேட்டவர், தன் ஊரில் மாட்டியிருக்கும் மோட்டாரைப் பற்றிக் கீழே விவரம் கேட்டிருந்தார். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் வேறு மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் என் பக்கத்தில் ஆள் சேர்ந்தது. நான் தூக்கிய மோட்டார்களின் கதையைப் படித்தவர்கள் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் கேட்ட கேள்விக்கு வந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

ஏகாம்பரத்துக்கும், திருச்செங்கோட்டுக்காரருக்கும், கஸ்தூரிக்கும், கிண்டல் செய்தவர்களுக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். அவர்கள் யாரும் இல்லாவிட்டால் நான் இன்னும் என் பதிவை நானே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

புதிதாக எழுத வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தெரிந்ததை எழுதுங்கள், பெருமையாகவே எழுதுங்கள், தப்பில்லை. தெரியாததையும் அதே இடத்தில், அதே எழுத்தில் எழுதுங்கள். இந்தத் தாலுக்காவிலேயே அத்தனை பேர் படிக்கும்படி "எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்துவிட்டேன், சொல்லுங்கள்" என்று எழுதிய முதல் மெக்கானிக் நான்தான். எனக்கு முன்னால் வேறு யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள். தெரிந்துகொள்கிறேன்.