குழாயடியில் நைட் டூட்டி

மத்தியானம் மூன்று இருபதுக்கு நான் செத்துப்போனேன். அறிவித்தது என் மகள்.

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

மகள் ஸ்டெல்லா மலேசியாவில், எங்கள் ஈப்போ நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அன்று நைட் டூட்டி முடித்து வந்து படுத்திருந்தாள். நான் பள்ளி ஆசிரியை; விடுமுறை என்பதால் நானும் சமையலறை நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தால்... பாத்திரம் கழுவும் தொட்டியருகே அவள் நிற்கிறாள். கண் திறந்திருக்கிறது. பார்வைதான் இல்லை.

எங்கள் குழாய் ஒழுகும். ஒவ்வொரு சொட்டுக்கும் அவள் உதடு அசைந்தது.

"வேகமா போவுது லா... யாரு திருவுனா?" என்றபடி குழாயை மெல்லத் திருகினாள். டிரிப் பாட்டிலைச் சரிசெய்வது போல.

"ஸ்டெல்லா?"

வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஜில்லென்ற விரல்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் என் கண்ணிமைகளை மூடினாள் – அவ்வளவு பதமாக!

"மூணு இருவது. சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க," என்றாள் யாரிடமோ. போய்ப் படுத்துக்கொண்டாள்.

எனக்கிருக்கும் ஒரே சொந்தம் அவள்தான். யாருக்குச் சொல்வது?

எழுந்தவளுக்கு எதுவும் நினைவில்லை. நான் சொன்னதும் அழுதாள். "வார்டுலயும் இப்படி எதாச்சும் செஞ்சிட்டா என்னாம்மா ஆவும்?"

பக்கத்து வீட்டு பாக்கியம் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. "நீங்க சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்துல இருந்தவங்கதானே? அங்கருந்து ஒண்ணு கூடவே வந்திருக்கு. சாமியாடிகிட்ட போயி பாக்கணும் லா."

"நாங்க கிறிஸ்டியன், அக்கா."

"அது அந்தப் பேய்க்குத் தெரியுமா?"

ஆனால் அந்தப் பேய் வந்தது தோட்டத்திலிருந்தா? வார்டிலிருந்து. ஒவ்வொரு டிரிப் பாட்டிலின் முன்னும் கைக்கடிகாரத்தோடு நின்று, நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று கண்ணால் எண்ண வேண்டும். நோயாளி கையை அசைத்தால் மறுபடி முதலிலிருந்து. விடியும்வரை இதே வேலை.

நான் குழாயில் துணியைக் கட்டி, சொட்டின் சத்தத்தை நிறுத்தினேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

போன மாதம் அந்த வார்டுக்குச் சொட்டு எண்ணும் மெஷின் வந்தது. கணக்குப் பிசகினால் அதுவே கத்துமாம். அப்பாடா என்றிருந்தது எனக்கு. இவளோ, "அது சரியா எண்ணுதான்னு நானும் கூடவே எண்ணுறேம்மா," என்றாள்!

எனக்கு வேறொரு பயமும் இருந்தது. எங்கள் பள்ளிக்குக் கேள்வித்தாள் நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷின் வந்தபோது வேலையா குறைந்தது? பரீட்சைகள்தான் கூடின. மெஷின் மிச்சப்படுத்தும் நேரம் யாருக்குப் போகிறது – அதுதானே விஷயம்?

நல்லவேளை, வார்டின் தலைமை நர்ஸ் அப்படி மிச்சமான நேரத்துக்கு வேறு வேலை தரவில்லை. "அது பாத்துக்கும். நீ போயி உக்காந்து தேத்தண்ணி குடி," என்று இவளை விரட்டிவிட்டாராம். மெஷினை நம்ப இவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது.

நேற்று காலை, சோதித்துப் பார்க்க, குழாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். டொக்... டொக்... அவள் டூட்டி முடிந்து வரும் நேரம். மணிக்கட்டைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேட் திறந்தது. ஸ்டெல்லா சமையலறை வாசலில் வந்து நின்றாள். குழாய் சொட்டுவதையே பார்த்தாள். உதடு அசைந்தது...

"அம்மா, பைப்பு ஒழுவுது லா. ஒரு வாஷர் மாத்தக் கூடாதா?"