காலி ஃப்ளாஷ்

என் அக்காவைக் கட்டியவர் ஸ்டூடியோக்காரர். அத்தானுக்குத் திறமை ஒரு பங்கு என்றால் வாய் மூன்று பங்கு. டிஜிட்டல் கேமரா வந்த புதிதில் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுவா? இது கால்குலேட்டர் மாப்ளே. கணக்கு வேற, கலை வேற" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எதிர் வரிசையில் டிஜிட்டல் ஸ்டூடியோ வந்து, இவர் கடையில் ஈ ஓட்ட ஆரம்பித்த பிறகும் கலை அவரை விடவில்லை.

அந்தக் கலையின் ரகசியம் எனக்குத் தெரியும். அதன் பெயர் காலி ஃப்ளாஷ். கல்யாண மண்டபத்தில் 'என்னை ஒண்ணு எடுங்க' என்று ஆளாளுக்கு வந்து நிற்பார்கள். எல்லாருக்கும் செலவழித்தால் ஃபிலிம் ரோல் தாங்குமா? ஃப்ளாஷின் முதுகில் சின்னப் பொத்தான் ஒன்று உண்டு. அதை மட்டும் அமுக்கினால் பளிச்சென்று வெளிச்சம் வரும், படம் விழாது. நின்றவர் தலையைக் கோதிக்கொண்டு சந்தோஷமாகச் சாப்பிடப் போய்விடுவார். பிறகு வந்து கேட்டால், "கழுவும்போது போயிடுச்சுங்க."

அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை. கடையின் கண்ணாடிப் பெட்டியில் யார் யாரோ மணப்பெண்கள், பல் முளைக்காத குழந்தைகள், எவர் வீட்டு நாயோ ஒன்று, எல்லாம் சிரித்துக்கொண்டிருக்கும். அங்கே தன் படமும் ஒன்று இருக்க வேண்டும். வருஷா வருஷம் கல்யாண நாளன்று புதுப்புடவை கட்டிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்காருவாள். அத்தான் மோவாயைத் திருப்பிவிடுவார், ஃப்ளாஷ் அடிப்பார். ஒரு வருஷம் ஃபிலிம் கழுவும் மருந்து சரியில்லை, ஒரு வருஷம் கரண்ட் போய்விட்டது, ஒரு வருஷம் இவள்தான் கண்ணை மூடிவிட்டாள். அக்கா எல்லாவற்றையும் நம்பினாள். கண்ணைச் சிமிட்டாமல் இருக்கக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கூடக் கொண்டாள்.

கடைசியில் வயிறு கலையை ஜெயித்தது. அத்தான் டிஜிட்டல் வாங்கினார். மாறியது கேமராதான், விரல் மாறவில்லை. எங்கள் சித்தி மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றார். அத்தானின் விரல் தானாக ஃப்ளாஷின் முதுகுப் பொத்தானுக்குப் போனது.

"எங்க, காட்டுங்க" என்றார் மாமன்.

அத்தானுக்கு வியர்த்துவிட்டது. எடுத்த இடத்திலேயே கணக்குக் கேட்பார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை. "அது... இன்னும் கழுவணுமுங்க" என்றார்.

"டிஜிட்டலையா?"

மாமன் கேமராவைப் பிடுங்கித் திரையில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மேடை இருந்தது, பந்தி இருந்தது, அவர் மட்டும் இல்லை. "வெறும் லைட்டை அடிச்சு ஏமாத்துறியாய்யா?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அக்கா பக்கம் திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை.

திரும்பி வந்ததும் அவள் நேராக ஸ்டூடியோவுக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் இதேதானா?"

"வீட்டு ஆளுதானே... எப்ப வேணா எடுத்துக்கலாம்னு..."

"இப்ப எடுங்க."

எடுத்தார். விளக்கை நகர்த்தி, மோவாயைத் திருப்பி, குனிந்து, நிமிர்ந்து, மெமரி கார்டு நிறைய எடுத்தார். அந்த மனுஷன் அவ்வளவு பயபக்தியோடு வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. அக்கா ஒன்றில்கூடக் கண்ணைச் சிமிட்டவில்லை. பிறகு கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நெற்றியோர முடியில் நரை, கண்ணுக்கடியில் கருப்பு, எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "முதல் கல்யாண நாளுக்குப் பச்சைப் புடவையில உட்காந்தேனே, அதைக் காட்டுங்க."

அத்தான் வாயைத் திறந்தார். மருந்து, கரண்ட், கலை எதுவும் வரவில்லை.