தட்டினால் விடணும்

முழங்கை சத்தம் போடும் என்று எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

பெரிய சத்தம் இல்லை. ஈரக் குச்சியை ஒடித்தால் வருமே, அந்த அளவுதான். ஆனால் ஹாலில் இருந்த ஆறு பேருக்கும் கேட்டது. ஜமீலா கத்தவில்லை. இடது கையை வலது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். கோபம் ஆறட்டும், நிதானமாக எழுதலாம் என்று எட்டு வாரம் பொறுத்தேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் ஞாயிறு காலைகள் தெரியும். கல்லூரி நூலகத்தில் வாரம் முழுக்க 'சத்தம் போடாதீங்க' என்று சொல்லிக்கொண்டிருக்கும் நாற்பத்தேழு வயதுப் பெண்மணி, ஞாயிறு காலை ஆறரைக்கு எங்கள் ஊர் சாரம் பகுதியில் ஒரு வீட்டு மாடியில் பிரேசிலியன் ஜியூ-ஜிட்சு பழகுகிறாள். 'இந்த வயதில் தரையில் உருண்டு புரள வெட்கமாக இல்லையா?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இல்லை. முட்டிதான் வலிக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விளக்கம். இதில் குத்து கிடையாது, உதை கிடையாது. பிடிக்க வேண்டும், கீழே தள்ள வேண்டும், எழவிடாமல் அமுக்க வேண்டும். கடைசியில் எதிராளியின் கையையோ காலையோ கழுத்தையோ ஒரு பூட்டில் மாட்ட வேண்டும். மாட்டிக்கொண்டவர், 'முடியல' என்பதற்கு அடையாளமாக எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டு தட்டுவார். தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். உடனே என்றால் உடனே. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் அடிதடி. முன்பின் தெரியாத ஆளிடம் என் கழுத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறேன் என்றால், அது இந்த விதியை நம்பித்தான்.

மாடி அந்துவானுடையது. பிரான்சில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர். அங்கே முறையாகப் பழகி, மூன்றாவது படியான ஊதா பெல்ட் வாங்கியவர். இங்கே கிளப் இல்லை, போர்டு இல்லை. சோபாவை பால்கனிக்குத் தள்ளிவிட்டு, தரையில் ரப்பர் பாய்களை விரித்துவிடுவார். யாராவது வேகம் காட்டினால் "தூஸ்மா, தூஸ்மா" என்பார். மெதுவா, மெதுவா. எங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

பழகுபவர்கள் ஐந்து பேர். நான், பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையத்தில் ஃபேக்டரி வேலை செய்யும் குமரவேல், கல்லூரியில் படிக்கும் அக்கா தங்கை இரண்டு பேர், அப்புறம் ஜமீலா. ஜமீலா ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். சொந்த வேன். காலையிலும் சாயங்காலமும் பதினான்கு குழந்தைகள். பிரேக் போடும்போது ஒரு குழந்தையின் தலைகூட முன்னால் ஆடாது... அப்படி ஓட்டுவாள்.

அந்த ஞாயிறு ஒரு விருந்தாளி வந்தார். குமரவேலுக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். பெங்களூரில் பெரிய ஜிம்மில் பழகியவராம், வேலை மாற்றலில் இங்கே வந்திருக்கிறாராம். பெயர் வேண்டாம். மாஸ்டர் என்றே வைத்துக்கொள்வோம். அவரே அப்படித்தான் கூப்பிடச் சொன்னார். இடுப்பில் நீல பெல்ட். வெள்ளைக்கு அடுத்தது நீலம், அதாவது இரண்டாவது படி. இரண்டாவது படியில் நிற்பவருக்கு நாங்கள் மாஸ்டர் பட்டம் கொடுத்தோம். நம் ஊரில் அதற்கு இங்கிலீஷும் தோரணையும் போதுமே?

வந்ததும் எல்லோரையும் திருத்த ஆரம்பித்தார். பாய் சரியில்லை, பிடி சரியில்லை, மூச்சு சரியில்லை. அந்துவான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். அதற்குள் கீழேயிருந்து அம்மா கூப்பிட, "அக்கா, டைம் நீங்க பாருங்க, அம்மாவுக்கு மாத்திர குடுத்துட்டு வந்துர்றேன்" என்று என் கையில் ஃபோனைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

முதல் சுற்று மாஸ்டருக்கும் குமரவேலுக்கும். இரண்டே நிமிடத்தில் குமரவேலின் தோள் மாட்டிக்கொண்டது. தட்டினார். மாஸ்டர் விடவில்லை. இன்னும் கொஞ்சம் முறுக்கி, குமரவேல் முகம் கோணிய பிறகுதான் விட்டார். குமரவேல் தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "செம டைட்டு சார்."

நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சுற்றுக்கு யார் என்று கேட்டபோது, "ஜமீலா, நீ போ" என்று சொன்னதும் நான்தான்.

அவள் நன்றாகவே ஆடினாள். மூன்று நிமிடம் அவரைத் தன் கால்களைத் தாண்டவிடவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு அவளுடைய இடது கை மாட்டியது. கையை நீட்டிப் பிடித்து, முழங்கையைத் தன் இடுப்பின் மேல் வைத்து வளைக்கிற பூட்டு. ஜமீலா அவர் தொடையில் இரண்டு முறை தட்டினாள். விடவில்லை. மறுபடி, வேகமாக, மூன்று நான்கு முறை தட்டினாள். பிறகு வாய்விட்டே சொன்னாள்.

"விடுங்க சார்."

"எஸ்கேப் இருக்கு. யோசி, யோசி," என்றார் மாஸ்டர்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

அடுத்து அவர் சொன்ன வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பாயில் கிடப்பவளைக்கூடப் பார்க்காமல், எங்களைப் பார்த்து, "லேட்டா தட்டினாங்க" என்றார்.

நாங்கள் கூப்பிட்டதும் ஓடி வந்த அந்துவான் ஐஸ் கட்டி, துண்டால் கையைக் கழுத்தோடு கட்டினார். நான் ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எலும்பு உடையவில்லை, ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். கியர் போடுவது இடது கைதானே? அப்படியென்றால் ஆறு வாரம் வேன் இல்லை.

அங்கிருந்த டாக்டர் முதலில் என்னை வெளியே அனுப்பிவிட்டு, "வீட்ல யாராச்சும் அடிச்சாங்களாம்மா?" என்று அவளிடம் விசாரித்திருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விஷயத்தைச் சொன்னதும், "குடும்பப் பொண்ணு, உனக்கு ஏம்மா இதெல்லாம்?" என்றாராம்.

கவனியுங்கள். அடித்திருந்தால் அடித்தவன் மேல் தப்பு. பழகப் போய் அடிபட்டால் பழகப் போனவள் மேல் தப்பு. நர்ஸ் அதையே சொன்னார். வேனில் வரும் குழந்தைகளின் அம்மாக்களில் ஒருவர் அதையே சொன்னார். என் வீட்டுக்காரரும் சோற்றைப் பிசைந்தபடி அதையேதான் ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஜமீலாவின் கணவர் ரஃபீக் துணிக்கடை வைத்திருக்கிறார். ஒரு நாள்கூட எங்கள் மாடிப்பக்கம் வந்தவர் இல்லை. எக்ஸ்ரே அறைக்கு வெளியே மூச்சு வாங்க வந்து நின்றார். ஏச்சு விழப்போகிறது என்று நான் தயாராக இருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"நீ தட்டினியா?"

"தட்டினேன். வாயாலயும் சொன்னேன்."

"அப்ப அந்தாள் மேலதான் தப்பு," என்றார். டீ வாங்கப் போய்விட்டார்.

ஊரில் ஒருவருக்காவது சரியான கேள்வி தெரிந்திருந்ததே.

சாயங்காலம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மாஸ்டரிடமிருந்து செய்தி வந்தது. 'டேக் கேர். ஜியூ-ஜிட்சு டான்ஸ் கிளாஸ் இல்லை.' கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை. அதற்கு இரண்டு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அதில் ஒரு விரல் குமரவேலுடையது.

ஃபோன் போட்டுக் கேட்டேன். "தெரியாம நடந்துச்சுக்கா," என்று இழுத்தார். "பெரிய ஜிம்முல கத்துக்கினு வந்தவரு. நம்ம ஊர்ல வேற யாரு இருக்கா? வுட்டா வருவாரா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு... சரி, எழுத வேண்டாம்.

'தெரியாமல்' என்ற சொல்லை நாம் எத்தனை இடத்தில் செலவழிக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். பந்தியில் இலை மேல் கையை வைத்து மறைத்து "போதும்" என்றால், கையின் மேலேயே ஊற்றுகிறார்கள். கேட்டால் பாசம். குழந்தையைக் கிச்சுகிச்சு மூட்டுகிறார்கள், அது மூச்சு முட்டி அழுகிற வரைக்கும். கேட்டால் கொஞ்சல். "கல்யாணம் வேணாம்" என்று பெண் பத்து முறை சொன்னால், பதினோராவது வரனோடு வருகிறார்கள். கேட்டால் அக்கறை. போதும் என்பது நம் காதில் ஏனோ 'இன்னும் கொஞ்சம்' என்றே விழுகிறது. விழுகிறதா, விழ வைத்துக்கொள்கிறோமா?

அந்துவான் பொங்கிவிட்டார். இனி அந்த ஆள் வாசல்படி மிதிக்கக் கூடாது என்றார். ஜமீலாதான் ஒப்புக்கொள்ளவில்லை.

"நீங்க சொல்லி அனுப்பினா எனக்காகத் தொரத்தினதா ஆயிடும். வரச் சொல்லுங்க. நானே கேக்கறேன்."

இரண்டு வாரம் கழித்து மாஸ்டர் வந்தார், கையில் ஆப்பிளும் மாதுளையும் நிறைந்த பையோடு. பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். கையைத் தூளியில் தொங்கவிட்டபடி ஜமீலா அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"சார், ஒண்ணுதான் கேக்கணும். நான் தட்டினது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"ஸ்பாரிங்ல இதெல்லாம் சகஜம்மா. அட்ரினலின்ல..."

"தெரிஞ்சுதா, தெரியலையா?"

அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். யாரும் கைகொடுக்கவில்லை. "தெரிஞ்சுது. ஆனா நீங்க இன்னும் தாங்குவீங்கன்னு நெனச்சேன். உங்க நல்லதுக்குத்தான்..."

"போதும் சார்," என்றாள் ஜமீலா. "தெரியலன்னு சொல்லியிருந்தா மறுபடி உங்க கூட ஆடியிருப்பேன்."

பழப் பையை ஒற்றைக் கையால் அவர் பக்கம் நகர்த்தினாள். அந்துவான் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டு நின்றார். மாஸ்டர் ஏதோ இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே படியிறங்கினார். பை கூடவே போனது.

இங்கே முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வில்லன் போய்விட்டான், நீதி ஜெயித்தது. ஆனால் குமரவேல் தரையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"எனக்கும் அன்னிக்கு வுடல ஜமீலா. தட்டினேன், வுடல. அசிங்கமாயிடுமேன்னு சிரிச்சிட்டேன். சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்ட."

அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா?

"நான் அதைப் பார்த்தேன்," என்றேன். "பார்த்துட்டுதான் உன்ன அனுப்பினேன்."

ஜமீலா திரும்பினாள். மாஸ்டரைப் பார்த்தபோதுகூட அந்தக் கண்ணில் இவ்வளவு வலி இல்லை.

"நேரம் உங்க கைல தானக்கா இருந்துச்சு? நான் தட்டுனப்பவாச்சும் கத்தியிருக்கலாமே. ஏன் சும்மா இருந்தீங்க?"

விருந்தாளியாயிற்றே என்று நினைத்தேன். நம்மைவிடத் தெரிந்தவர், நாம் என்ன சொல்வது என்று நினைத்தேன். நூலகத்தில் ஒருவர் லேசாகச் செருமினாலே நிமிர்ந்து பார்க்கிற நான், ஒருத்தி ஆறு முறை தட்டுவதைப் பார்த்துக்கொண்டு ஃபோனில் நொடி எண்ணிக்கொண்டிருந்தேன். இதில் எதைப் பதிலாகச் சொல்வது? அவள் அன்றைக்கு என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

மூன்று வாரம் பேசவில்லை. நான் இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போனேன். முதல் முறை ரஃபீக்தான் டீ கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை அவளே வந்து உட்கார்ந்தாள். சமாதானம் எதுவும் பேசவில்லை. "டைம் பாக்கறவங்களுக்கு ஒரு வேல இருக்கணும்க்கா. யாரு தட்டினாலும் அவங்கதான் மொதல்ல சத்தம் குடுக்கணும். பெரிய ஆளு, சின்ன ஆளுன்னு பாக்கக் கூடாது," என்றாள். அந்துவானிடம் சொன்னேன். அன்றிலிருந்து அதுதான் வீட்டு விதி.

சென்ற வாரத் திங்கள்கிழமையிலிருந்து ஜமீலா மறுபடி வேன் ஓட்டுகிறாள். கை இன்னும் முழுதாக நீளவில்லை. பாயில் இறங்க இன்னும் நாளாகும். ஆனால் ஞாயிறு தவறாமல் வந்து சுவரோரம் உட்கார்ந்து நேரம் பார்க்கிறாள்.

போன ஞாயிறு எனக்கும் குமரவேலுக்கும் சுற்று. இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவர் கழுத்து என் கையில் வசமாக மாட்டியது. என்னைவிட இருபது கிலோ அதிகமுள்ள மனிதர். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எவ்வளவு இனித்தது தெரியுமா? முதுகில் அவர் தட்டியது எனக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. கை மட்டும் உடனே திறக்கவில்லை. அரை நொடிதான், அதற்குள்...

"அக்கா, விடு."

இத்தனை நாள் என்னிடம் 'வாங்க, போங்க' என்று மரியாதையாக மட்டுமே பேசிய ஜமீலா. விட்டேன்.

தட்டுவது காதில் விழாத மாஸ்டர்களை ஊருக்குள் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? ஒருவரின் விலாசம் என்னிடம் இருக்கிறது. இந்தப் பத்தியை எழுதுகிறவருடையது.