கொடைக்கானல் ஏறிய தவலை

காரைக்குடியில் செம்மலையின் வாடகைக் காருக்கு டிரைவரும் அவர்தான், மெக்கானிக்கும் அவர்தான். வண்டிக்கு அவரைவிட வயது கூட. இறக்கத்தில் அது போகிற போக்கை யாரும் குறை சொல்ல முடியாது. ஏற்றத்தில்தான் கொஞ்சம் யோசிக்கும்.

வண்டிக்கு நிரந்தரச் சவாரி தேனம்மை ஆச்சி வீடு. சித்திரை பிறந்ததும் ஆச்சி கொடைக்கானல் போவார். அரிசி, விறகு, வற்றல் எல்லாம் கூடவே போகும். அம்மிக்குழவியும் போகும், மலையில் அம்மி நல்ல அம்மிதான், குழவிதான் சரியில்லை என்பது ஆச்சியின் கட்சி. அறுபத்தேழாம் வருஷம் இத்தனையையும் ஏற்றிக்கொண்டு போன வண்டி வளைவுக்கு வளைவு நின்றது. ஆச்சி இறங்கிப் பின்னாலேயே நடந்தார். ஊர் திரும்பியதும் சொல்லிவிட்டார்.

"வாடகையும் குடுத்துட்டு நடந்தும் போனது நாங்க மட்டுந்தாம்ப்பா. அடுத்த வருசமும் நடக்கவிட்டேன்னு வையி, மாயக்கண்ணனோட புது அம்பாசடருக்குச் சொல்லிவிட்டுருவேன். கோயிலு, கல்யாணம், அம்புட்டுக்கும் இனி அவந்தான்."

ஆச்சி வீடு போனால் அந்தத் தெருவே கைவிட்டுப் போகும். புது வண்டி வாங்குவது செம்மலையால் ஆகாத காரியம். இருக்கிற எஞ்சினுக்கே பலம் ஏற்றுவது என்று முடிவு செய்தார்.

பட்டாள ஏலத்தில் வந்த ஜீப்பின் பெரிய கார்புரேட்டர் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது. அடுத்தது எஞ்சினின் மூடி, சிலிண்டர் ஹெட். அதன் அடியைச் சீவிவிட்டால் பெட்ரோல் ஆவி இன்னும் இறுகி, வெடிப்பில் வேகம் கூடும். மதுரைப் பட்டறையில் கேட்ட கூலிக்கு அவர் வண்டியையே விற்கவேண்டியிருக்கும். அரத்தால் தானே ராவினார். மட்டம் பார்க்க, ஆத்தங்குடியில் மச்சினன் மலையாண்டியின் பூக்கல் பட்டறைக்குப் போனார். அங்கே தரைக்கல் வார்க்கிற கண்ணாடியைப் போல மட்டமான இடம் ஜில்லாவில் வேறு கிடையாது. அதன்மேல் தேய்ப்புப் பசையைத் தடவி, வாரக்கணக்கில் ஹெட்டைத் தேய்த்தார்.

"மச்சான், இரும்பைக் காட்டியும் எங் கண்ணாடிதான் கூடத் தேஞ்சிருக்கு" என்றான் மலையாண்டி.

"கண்ணாடி தேஞ்சா வாங்கிக்கலாம்டா. ஆச்சி போனா வாங்க முடியுமா?"

கடைசியில் ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஆவி கசியாமல் வைக்கிற கேஸ்கட் மிஞ்சியது. அதற்குச் செப்புத் தகடு வேண்டும். செம்மலை அடுப்படியை எட்டிப் பார்த்தார். மனைவி வீரலட்சுமிக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த செப்புத் தவலை அங்கே சும்மா இருப்பதாக அவருக்குப் பட்டது. அதன் வயிற்றை வெட்டித் தட்டிப் பரப்பி, அச்சுப் பார்த்துத் துளை போட்டார். சீர்ச் சாமானில் பெயர் வெட்டாமல் கொடுப்பார்களா? "சீ. வீரலட்சுமி" என்ற புள்ளியெழுத்து நடுவில் அப்படியே இருந்தது. சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். போதும் என்று நினைத்துக்கொண்டார்.

"தவலையை எங்க காணோம்?" என்றாள் வீரலட்சுமி.

"ஈயம் பூசக் குடுத்திருக்கு புள்ள."

"போன மாசந்தானே பூசுனீக?"

"ஈயம்னா நல்லாப் பிடிக்க வேணாமா!"

சித்திரையில் வத்தலக்குண்டு தாண்டி வண்டி மலை ஏறியது. ஏறியது என்றால், லாரி ஒன்றை முந்திக்கொண்டு ஏறியது. செம்மலை கண்ணாடியில் ஆச்சியின் முகத்தைப் பார்த்தார். ஆச்சி குழவியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பாதி மலையில் 'புஸ்... புஸ்...' என்று சத்தம் கேட்டது. வண்டி திணறி நின்றது.

ஆச்சி இறங்கினார். செம்மலைக்கு உயிரே போய்விட்டது.

ஹெட்டைக் கழற்றினால், கேஸ்கட்டில் பெயர் வெட்டிய இடத்தில் மட்டும் கரி இழுத்திருந்தது. ஆவி அந்தப் புள்ளிக் குழிகளின் வழியாக வெளியேறியிருக்கிறது. ஆச்சி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து படித்தார்.

"சீ, வீரலட்சுமி. யாரு, உம் பொண்டாட்டியா? அவளுக்குத் தெரியுமா?"

"ஈயம் பூசக் குடுத்திருக்குன்னு சொல்லியிருக்கேன் ஆச்சி."

ஆச்சி சிரித்த சிரிப்பில் பின்னால் வந்த பஸ்ஸே வேகம் குறைந்தது.

ஆச்சியின் விறகு எரிந்தது. தகட்டைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்க, செம்பு இளகியது. கண்ணாடியில் தேய்த்த ஹெட்டையே பலகையாக்கி, அதன்மேல் தகட்டை வைத்து ஆச்சியின் குழவியால் உருட்டி உருட்டி அழுத்தினார் செம்மலை. வீரலட்சுமியின் பெயர் மங்கி மறைந்தது. அதுவரை ஆச்சி சாலையோரக் கட்டையில் உட்கார்ந்து முறுக்கு தின்றார். வண்டி மறுபடி கிளம்பி, நிற்காமல் உச்சி போய்ச் சேர்ந்தது.

"ஆச்சி... மாயக்கண்ணன்?" என்று இழுத்தார் செம்மலை.

"நடந்தாத்தானே கணக்கு? நான் உக்காந்துல்ல இருந்தேன்."

ஊர் திரும்பிய மறுநாள், ஆச்சி வீட்டிலிருந்து வீரலட்சுமிக்குப் புதுச் செப்புத் தவலை வந்தது. கழுத்து, வயிறு, அடி என்று சுற்றிச் சுற்றி வீரலட்சுமி, வீரலட்சுமி என்றே வெட்டியிருந்தது. கேஸ்கட் அகலத்துக்கு வெற்றிடம் எங்கும் இல்லை.

"எதுக்கு இம்புட்டு இடத்துல எம் பேரு?" என்றாள் வீரலட்சுமி.

செம்மலை தவலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஆச்சி வெவரமானவுக" என்றார்.