விஸ்வகர்மா பூஜையன்று கிடர்பூரில் கரண்ட் வரவில்லை

கொல்கத்தாவுக்கு எல்லோரும் துர்கா பூஜைக்குத்தான் போவார்கள். நான் இந்த முறை செப்டம்பர் நடுவில், விஸ்வகர்மா பூஜைக்குப் போனேன். காரணம் என் அண்ணன் சுந்தரம். அப்பாவுக்கு அங்கே துறைமுகத்தில் வேலை என்பதால் நாங்கள் வளர்ந்தது கிடர்பூரில். அண்ணன் அந்த ஊரிலேயே மின் கம்பெனியில் இன்ஜினியராகிவிட்டான். ஆகஸ்ட் கடைசியில் எங்கள் பழைய சந்தில் தீப்பிடித்து ஒரு வரிசைக் கடைகள் எரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. அன்றிலிருந்து சந்துக்குக் கரண்டும் இல்லை. ஆனால் பொறி கிளம்பியது கம்பெனி வயரில்தான் என்று சந்தே சொல்கிறது. "அங்க யாரும் என் முகத்தையே பாக்க மாட்டேங்கறாங்க" என்று அண்ணன் போனில் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. டிக்கெட் போட்டுவிட்டேன்.

சென்னையிலிருந்து ஹவுராவுக்கு ரயிலில் ஒரு நாளும் சொச்சமும். அண்ணன் வீடு பாலிகஞ்சில். பூஜையன்று காலை அவன் ஆட்களோடு முன்னாலேயே கிளம்பிவிட்டான். நான் பின்னால் போனேன். ஏழு கிலோமீட்டர், டாக்ஸிக்கு இருநூற்று நாற்பது ரூபாய். அந்தப் பூஜைக்குக் காற்றாடி விடுவது வழக்கம், வானமெல்லாம் காற்றாடி. மாஞ்சா நூலில் விரலை அறுத்துக்கொண்டு அம்மாவிடம் மறைத்ததெல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வயது இன்னொரு தரம் வராதா என்று இருந்தது.

சந்தில் கருகிய நாற்றம் இன்னும் போகவில்லை. எங்கள் ஸ்கூல் யூனிஃபார்மெல்லாம் தைத்துக் கொடுத்த பாப்லுதாவின் கடையில் வளைந்த தகரம்தான் மிச்சம். (மூத்தவர்களைப் பெயரோடு 'தா' சேர்த்துத்தான் அங்கே கூப்பிடுவோம்.) பார்த்ததும் அழுதுவிட்டேன்.

லைன்மேன்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இன்றைக்கே புது வயர் இழுக்க வேண்டும் என்பது அண்ணனின் உத்தரவு. விஸ்வகர்மா பூஜையன்று கருவியைத் தொடுவார்களா? ஏணி முதல் கட்டிங் பிளையர் வரை பொட்டு வைத்து ஓய்வு கொடுக்கிற நாளாயிற்றே. அங்கேயே வளர்ந்தவன் இதைப் போய் மறந்திருக்கிறான், பாருங்கள். மூன்று வாரமாகத் திட்டு வாங்கினால் யாருக்கும் மண்டை குழம்பத்தான் செய்யும்.

பாப்லுதா நேராக அண்ணனிடம் வந்தார். "உங்க வயர்தான் என் கடையை எரிச்சுதா?" என்று வங்காளியில் கேட்டார்.

விசாரணை நடக்கிறது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. "இருக்கலாம், பாப்லுதா. எனக்கே இன்னும் தெரியல. உங்களை இருட்டுல விடக்கூடாதுன்னுதான் இன்னிக்கே வந்தேன்."

"மூணு வாரம் இருந்தாச்சு, இன்னொரு ராத்திரி இருக்க மாட்டோமா? ஏணியைச் சாமிகிட்ட வைக்கச் சொல்லு."

சந்தின் சின்ன சாமி சிலைக்கு முன்னால் ஏணியைச் சாய்த்தார்கள். பாப்லுதா தன் கருகிப்போன தையல் மெஷினைத் தூக்கிவந்து அதன் பக்கத்தில் வைத்து, அதற்கும் பொட்டு வைத்தார். பிறகு எல்லோருக்கும் இலைத் தட்டில் அரிசியும் பருப்புமாக வேகவைத்த கிச்சடி. அண்ணன் ஒதுங்கி நின்றான். அவன் கையிலும் ஒரு தட்டைத் திணித்தார் பாப்லுதா. "இன்னிக்குச் சாப்பிடு. சண்டை நாளைக்கு."

இந்த நாளில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாதி ஆட்டோக்கள் மாலை போட்டுக்கொண்டு ஓய்வில் நிற்கும், டாக்ஸியை முந்தின நாளே பேசி வையுங்கள். காற்றாடி நூல் கழுத்தை அறுக்கும், பைக் வேண்டவே வேண்டாம். புடவைக்கு கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போவதை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். கடையில் இருக்கும்போது அண்ணன் கூப்பிட்டான். கரண்ட் கொடுத்தாயிற்றாம். பாப்லுதாவும் சொன்னபடியே சண்டைக்குப் பிடித்துக்கொண்டாராம்.

"ரொம்பத் திட்டினாரா?"

"ஒரு மணி நேரம். ஆனா நிக்க வச்சு இல்லம்மா, உக்கார வச்சுத் திட்டினாரு."