ஆம்பிளிபயரின் பின்பக்கச் சுவிட்ச்

“சனிக்கிழமை: மூணாறு ஆம்பிளிபயர் வந்தது. அன்றே கருகல் வாடை.” என் டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது. மீதியைச் சொல்கிறேன்.

மூணாறு தேயிலை எஸ்டேட்டில் ஓய்வுபெற்ற ஒருவர் வைத்திருந்த பழைய ஜப்பான் ஸ்டீரியோ ஆம்பிளிபயர் அது. அவர் மகன் செல்வராஜ் விற்றார். தொழிலாளர் வரிசை வீடான அவர்கள் லயத்தில், ஒரு மாலையில் அது பாடக் கேட்டுத்தான் வாங்கினேன். வடகரப்பதியில் எங்கள் வீட்டில் பிளக்கைச் செருகியதும் பெட்டி உறுமியது. எதனால் இந்தச் சத்தம் என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க, பாட்டுக்கு முன்னால பொகை வருதுங்க!” என்று மனைவி பிளக்கைப் பிடுங்கினாள்.

டிரான்ஸ்ஃபார்மர் போனால் மாற்று கிடைக்காது. பதறிப்போய்ச் செல்வராஜை அழைத்தேன்.

“பின்னாடி வோல்டேஜ் சுவிட்ச் எதுல இருக்கு, அண்ணாச்சி?”

“நூத்தியிருபதுலங்க.”

“ஐயோ! எங்க லயத்துல சாயங்காலம் கரண்டு ரொம்ப எறங்கிரும். பாட்டு கம்மாம இருக்க அப்பா அதுல தள்ளி வச்சிருப்பாரு. சொல்ல மறந்துட்டேன்.”

எங்கள் வீட்டிலோ முழு 230 வோல்ட் மின்சாரம்; 120இல் வைத்த பெட்டிக்கு அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. கோவையில் ஒரு மெக்கானிக் திறந்து பார்த்தபோது ஒரு கெபாசிட்டர் மட்டும் வீங்கியிருந்தது, டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. அதை மாற்றி, இப்போது சுவிட்சை 220இல் வைத்துக் கேட்கிறோம்.

பழைய பெட்டி எது வந்தாலும் முதலில் பின்பக்கத்தைப் பார்க்கிறேன். பிறகு மல்டிமீட்டரால் எங்கள் மின்சாரத்தை அளக்கிறேன். அதன் பிறகே பிளக்.

அந்த லயத்தில் மாலை மின்சாரம் உண்மையில் எவ்வளவு இறங்கியது என்பதற்குச் செல்வராஜின் பேச்சு மட்டுமே ஆதாரம். நான் இன்னும் அளந்து பார்க்கவில்லை.