சரியக்கா பேரில் ஒரு பாக்கி

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் சரியக்கா. ‘அக்கா, ஆபரேஷன் தியேட்டருக்கு இருபது விரிப்பு அவசரம்’ என்றால் சரி. ‘நாளைக்கு எனக்குப் பதிலா நீங்க வந்துடறீங்களா’ என்றால் சரி. மேற்பார்வையாளர் காரணமில்லாமல் கத்தினாலும் சரி. அந்தச் சரிக்கு ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. காதில் விழுந்தது, ஆளை விடு என்றுதான் அர்த்தம். இருபத்திரண்டு வருடம் கூடவே விரிப்பு மடித்தவர்களுக்கு அது தெரியும்.

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு. சூடான உருளைக்குள் ஈரமாகப் போய், மறுபக்கம் அப்பளம்போல் வெளியே வரும் விரிப்புகளை அவளும் தையல்காரம்மாவும் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். கிழிந்தவற்றைத் தைப்பதுதான் தையல்காரம்மாவின் வேலை என்றாலும், மடிக்க ஆள் குறைந்தால் எழுந்து வந்துவிடுவாள். இடுப்பில் போன் துடித்ததும் சரியக்கா ஒரு கையால் எடுத்துப் பார்த்தாள்.

‘உங்கள் கடன் பாக்கி 48,620. கடைசி அறிவிப்பு. மாலை நான்கு மணிக்குள் கட்டாவிட்டால் கைது நடவடிக்கை.’ மேலே அவளுடைய முழுப்பெயர், அப்பா பெயர், அடையாள அட்டையின் கடைசி நான்கு எண்கள். கீழே தொட்டால் திறக்கிற நீலக் கோடு.

அடுத்த விரிப்பு வந்துகொண்டிருந்தது. அவள் கட்டைவிரலால் ‘சரிங்க’ என்று அடித்துவிட்டு மூலையைப் பிடித்தாள்.

மடித்து வைப்பதற்குள் பதில் வந்தது. ‘நன்றி. கடனை நீங்கள் ஒப்புக்கொண்டது பதிவு செய்யப்பட்டது.’

அப்போதுதான் அவள் செய்தியை முழுசாகப் படித்தாள். அவள் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. அப்படியானால் யார் வாங்கியது? யோசிக்கவே தேவைப்படவில்லை. தம்பியின் முகம் தானாக வந்து நின்றது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒன்று நடந்திருந்தது. தம்பி அவளுடைய அட்டையின் நகலை எடுத்துப் போய், அவள் கையெழுத்தைத் தானே போட்டு, அவள் பேரில் கடன் எடுத்து ஒரு பழைய சரக்கு வண்டி வாங்கினான். வண்டியும் போயிற்று, அவனும் குடியில் விழுந்தான். மூன்று பேர் மருத்துவமனை வாசலில் வந்து நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். மூன்று வருடம் சம்பளத்தில் பிடித்துக் கட்டினாள். தம்பி அழவுமில்லை, காலில் விழவுமில்லை. குடியை நிறுத்தினான். கல்யாணத்துக்கு அப்புறமும் அவளுக்கு மாதாமாதம் கொடுத்து, ஆறாவது வருடத்தில் கடைசிக் காசுவரை அடைத்தான். இந்த விஷயத்தை அவன் மனைவியிடம் சொல்வதில்லை என்று அக்காவும் தம்பியும் பேசிவைத்திருந்தார்கள். பேச்சு மீறாமல், பிறகு பிறந்த மகளோடு நால்வரும் இரண்டு அறை வீட்டில் ஒன்பது வருடம் ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

அவனிடம் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கேட்டால் மனைவிக்குத் தெரிந்துவிடும், குழந்தைக்குத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு நீலக் கோட்டைத் தொட்டு ஐயாயிரம் அனுப்பினாள். மறுநாள் ‘கோப்புக் கட்டணம்’ என்று நாலாயிரம் கேட்டார்கள், அதையும் அனுப்பினாள். வியாழக்கிழமை அவளுடைய படமே வந்தது. நெற்றிக்குக் குறுக்கே சிவப்பு எழுத்தில் ‘மோசடிக்காரி’. மீதியைக் கட்டாவிட்டால் இது மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்குப் போகும் என்றிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தம்பி வாசலில், தான் இப்போது ஓட்டும் சரக்கு வண்டியின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். எட்டு வயது மகள் படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“என் பேர்ல எவ்ளோடா வாங்கின?”

“என்னக்கா?”

“நடிக்காத. எவ்ளோ வாங்கின?”

அவன் குழாயை மூடினான். “நான் எதுவும் வாங்கலக்கா.”

“அன்னைக்கும் இதையேதான் சொன்ன. என் கையெழுத்தைத் திருடிப் போட்டுட்டு, இதே மூஞ்சிய வச்சுக்கிட்டு இதையேதான் சொன்ன.”

உள்ளேயிருந்து தம்பி மனைவி வந்து நின்றாள். “அண்ணி, யாரு கையெழுத்த யாரு திருடினது?”

அவன் தலை குனிந்திருந்ததே அவளுக்குப் போதுமாயிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் துணிமணியையும் குழந்தையின் புத்தகப் பையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, தம்பி மனைவியின் அம்மா வீட்டுக்குப் போனார்கள். போகும்முன் தம்பி வீட்டுக்காரரிடம் இரண்டு மாத வாடகையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதுவும் சரியக்காவுக்கு வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.

திங்கட்கிழமை வேலையில் அவள் விரிப்பின் மூலைகளை வெடுக் வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, விரிப்பப் போட்டு இப்படி இழுக்கறீங்க? கிழிஞ்சா நான்தான் தைக்கணும், உங்க தம்பியா வந்து தைப்பாரு?” என்றாள் தையல்காரம்மா.

தம்பி என்ற சொல்லைக் கேட்டதும் சரியக்கா விரிப்பைக் கீழே போட்டாள். ஒரு வாரமாகப் பொத்தி வைத்திருந்ததெல்லாம், உருளைச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததால், சண்டைபோல வெளியே வந்தது.

தையல்காரம்மா சிரிக்கவில்லை. “எவ்ளோன்னு சொன்னான்?”

“நாப்பத்தெட்டாயிரத்து அறுநூத்தி இருபது.”

தையல்காரம்மா தன் போனை எடுத்து நீட்டினாள். அதே தொகை, அதே கடைசி அறிவிப்பு. பெயர் மட்டும் தையல்காரம்மாவுடையது. “என் வீட்டுக்காரர்தான் எனக்குத் தெரியாம வாங்கிட்டாருன்னு நெனச்சேன். நாலு நாளா அந்த மனுஷனுக்கு நான் சோறு போடலக்கா. அவரும் ஏன்னு கேக்கல, கடைல சாப்பிட்டுட்டு நிம்மதியா இருக்காரு.”

துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள், எல்லோருக்கும் மிஷின்காரர், மூடியைச் சாத்திவிட்டு வந்தார். “எனக்கும் வந்துச்சு. நான் ரெண்டாயிரம் கட்டிட்டேன்,” என்றார், தப்பு செய்தவர்போல.

ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேர். ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே தொகையை ஒளித்து வைத்திருந்தார்கள்.

“கடன் குடுத்தது யாருன்னு கேட்டீங்களா?” என்றாள் தையல்காரம்மா.

“கேக்கல.”

“நானும்தான் கேக்கல. இப்ப கேப்போம்.” சரியக்காவின் போனை வாங்கி அவளே அடித்தாள். எந்தக் கம்பெனி, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், எந்தக் கணக்கில் போட்டீர்கள், எல்லாவற்றையும் தபாலில் வீட்டுக்கு அனுப்புங்கள். பதிலில் கம்பெனியின் பெயர் இல்லை. ஒரு கெட்ட வார்த்தையும் ‘இன்னும் முப்பது நிமிடம்’ என்பதும்தான் இருந்தன.

“குடுத்தவனுக்குத் தன் பேரச் சொல்ல என்னக்கா வெக்கம்?”

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் தெருவுக்கு எதிரே உள்ள வங்கிக்குப் போனார்கள். கண்ணாடி போட்ட பெண் ஊழியர் கணினியில் தேடிவிட்டு, சரியக்காவின் பெயரில் எங்கும் எந்தக் கடனும் இல்லை என்றார். இனிமேல் பணம் போகாதபடி கணக்கை உடனே முடக்கினார்.

“அந்த லிங்க்க தொட்டீங்களா?”

“தொட்டேன்.”

“பணம் போன அன்னைக்கே வந்திருந்தா நிறுத்தப் பார்த்திருக்கலாம். இப்ப உறுதியா சொல்ல முடியாது. இனி பதில் போடாதீங்க, ஆனா எதையும் அழிக்காதீங்க. அப்படியே கொண்டுபோய் ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க.”

“என் அட்டை நம்பரு அவனுக்கு எப்படிம்மா தெரியும்?”

“சிம் வாங்கின கடை, ஜெராக்ஸ் கடை, எங்கெங்க நகல் குடுத்தீங்களோ, யாருக்குத் தெரியும்?”

கடந்த ஒரு வருடத்தில் அவள் ஐந்து இடத்தில் நகல் கொடுத்திருந்தாள். அந்த ஐந்தில் ஒன்றின்மேல்கூட அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போனாள். தம்பி சரக்கின்மேல் ஏறிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் கீழே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முடிச்சைப் போட்டு முடித்தான்.

“ஊர்பேர் தெரியாதவன் சொன்னத நம்பிட்ட. என்கிட்ட கேட்டியா?”

“கேட்டேனே.”

“நீ கேக்கலக்கா. சொன்ன.”

இருந்தாலும் இறங்கி வந்தான். சரக்கைப் பக்கத்து ஓட்டுநரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவளோடு நடந்தே காவல் நிலையத்துக்கு வந்தான். எழுத்தர் பெயர், தொகை, தேதி எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

“யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?”

அவள் வாயைத் திறக்குமுன் தம்பி சொன்னான். “தம்பி மேலன்னு எழுதுங்க சார்.”

எழுத்தர் நிமிர்ந்தார். “தம்பியா? ஆள் எங்க இருக்காரு?”

“இங்கதான். நான்தான்.”

“இது என்ன விளையாடற இடமாய்யா?”

தம்பி வெளியே போய்விட்டான். “யார் மேலயும் இல்லீங்க,” என்றாள் அவள். எழுத்தர் ‘இல்லை’ என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ரசீதைக் கொடுத்தார். “பத்திரமா வச்சுக்கங்கம்மா. பணம் வந்தா இது இல்லாம வாங்க முடியாது.”

அவன் மதிலோரம் நின்றிருந்தான். “நேத்து பாப்பா கேக்கறா, அப்பா நீ திருடனான்னு. அவ அம்மா பக்கத்துலதான் இருந்தா. இல்லடின்னு ஒரு வார்த்தை சொல்லல.”

“நான் வந்து சொல்றேன்டா. இப்பவே வரேன்.”

“வேணாம். உன்ன உள்ள விடமாட்டா.” கையை நீட்டினான். “அந்த ரசீதக் குடு. இந்த தடவை நான் இல்லைங்கறதுக்காவது அத காட்டறேன். பழசுக்கு என்ன காட்டறதுன்னு தெரியல.”

அவள் கொடுத்தாள். அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வண்டி நிற்கிற பக்கம் நடந்தான்.